விட்ட மீன் எங்கே போகிறது?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் விலங்கியல் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)



விலங்கியல் படித்தவன் மேடை ஏறினால் மீனைப் பற்றித்தான் பேசுவான் என்று உங்களுக்குத் தெரியும். இந்த ஹாலில் பாதிப் பேருக்கு மீன் என்றால் கபாலி கோயில் தெப்பக்குளத்தில் பொரி போட்டதும் மேலே வருகிறதே, அது. மீதிப் பாதிக்கு நொச்சிக்குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பேரம் பேசி வாங்குகிறது. நான் இன்று பேசப்போவது இரண்டு கட்சிக்கும் பொதுவான விஷயம். பிடித்த மீனைத் தின்னாமல், விற்காமல், திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்களே, அந்த மீனைப் பற்றி.

நம்முடைய பிள்ளைகள் பலர் இப்போது வார இறுதியில் ராடும் ரீலுமாக முட்டுக்காடு, கோவளம் பக்கம் போகிறார்கள். மீன் மாட்டினால் தூக்கிப் பிடித்து ஒரு போட்டோ. பிறகு "பாவம், போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். கொல்வதைவிட விடுவது மேல் என்பதில் யாருக்கும் சண்டை கிடையாது. ஆனால் மீன் வாலை ஆட்டிக்கொண்டு கண்ணிலிருந்து மறைந்ததும் நாம் கணக்கை மூடிவிடுகிறோம். மீனுடைய கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதிலும் முட்டையிடுவதற்காக நெடுந்தூரம் போய்க்கொண்டிருக்கிற மீனாக இருந்தால், நாம் எடுத்துக்கொண்ட ஒரு நிமிஷத்தை அது பல நாள் வைத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

மீன் தூண்டிலில் மாட்டியதும் உயிரைக் கொடுத்து இழுக்கிறது. நிதானமாக நீந்தும்போது வேலை செய்கிற தசை வேறு, இப்படித் திமிறும்போது வேலை செய்கிற வெள்ளைத் தசை வேறு. இந்த வெள்ளைத் தசை ஆக்ஸிஜனுக்குக் காத்திருக்காமல் கையிருப்பில் உள்ள சர்க்கரையை எரித்துத் தள்ளும். மிச்சமாக லாக்டிக் அமிலம் சேரும். அறுபது வயதில் லிஃப்ட் வேலை செய்யாத ஃப்ளாட்டில் நாலு மாடி ஏறினால் நம் தொடை என்ன பாடுபடுகிறதோ, அதே கதை. நாம் பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கித் தேறிவிடுவோம். மீனுக்கு அந்தக் கடனைத் தீர்க்கப் பல மணி நேரம் ஆகும்.

களைத்துப்போன அந்த நேரம் பார்த்துத்தான் நாம் அதை வெளியே தூக்குகிறோம். செவுளுக்குள் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தண்ணீருக்குள் அவை விரிந்து நிற்கும். காற்றில் எடுத்ததும் மழையில் நனைந்த நோட்டுப் புத்தகத் தாள்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓடி முடித்தவன் முகத்தைத் தலையணையால் அமுக்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1992-ல் கனடாவில் ஃபெர்குஸன், டஃப்ட்ஸ் என்ற இருவர் ரெயின்போ ட்ரவுட் மீனை வைத்து இதைச் சோதித்தார்கள். களைக்கும்வரை விரட்டிவிட்டு, காற்றில் தூக்காமல் விட்ட மீன்களில் 12 சதவீதம் 12 மணி நேரத்துக்குள் செத்தன. விரட்டிய பிறகு 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம். 60 விநாடி வைத்தவற்றில் 72 சதவீதம். அந்த மீன்களுக்கு ரத்தம் எடுக்கக் குழாய் பொருத்தியிருந்தார்கள். அதனால் ஆற்றில் இவ்வளவு மோசமாக இருக்காது என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். வாதம் நியாயம்தான். ஆனாலும் முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பாருங்கள். "ஒரு நிமிஷம், கேமரா ஆன் ஆகலை" என்று சொல்கிற நேரம் அது.

சாவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சாகாத மீனின் நடத்தை. சால்மன் கடலில் வளர்ந்து, தான் பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்பி வருகிற மீன். ஆற்றுக்குள் நுழைந்த பிறகு அது சாப்பிடுவதே இல்லை. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புதான் முழுப் பயணத்துக்கும் செலவுக்காசு. நார்வேயில் ஆல்டா என்ற ஆற்றில், தூண்டிலில் பிடித்த சால்மன்களுக்கு ரேடியோ கருவி கட்டி விட்டுப் பின்தொடர்ந்தார்கள். 2003-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. குளிர்ந்த தண்ணீர், கிட்டத்தட்ட எல்லா மீனும் பிழைத்து முட்டையிடும் காலம்வரை இருந்தன. நல்ல செய்தி. ஆனால் விட்டவுடன் பல மீன்கள் மேலே போகவில்லை. சில, வந்த வழியே ஆற்றோட்டத்தோடு கீழே இறங்கின. சில ஒரே இடத்தில் கிடந்தன. இப்படிப் பின்வாங்குவதை வேறு சால்மன் ஆறுகளிலும் பார்த்திருக்கிறார்கள்.

கும்பகோணம் போகிற பஸ்ஸில் திண்டிவனத்தில் உங்களை இறக்கி, உலுக்கி, திரும்பத் தாம்பரத்தில் கொண்டு விட்ட மாதிரி. நீங்கள் மறுபடி கிளம்பிவிடுவீர்கள், சரி. ஆனால் கையில் உள்ள காசு திட்டமாக ஒரு தடவை போவதற்கு மட்டும் என்றால்?

பஹாமாஸ் தீவுகளில் போன்ஃபிஷ் என்றொரு மீனை வைத்து இன்னொரு விஷயம் கண்டுபிடித்தார்கள் (2007). விட்டபிறகு நிமிர்ந்து நிற்க முடியாமல் சாய்ந்துபோன மீனை, மற்ற மீன்களைவிட ஆறு மடங்குக்கும் மேல் சுறா போன்றவை பிடித்துத் தின்றுவிடுகின்றன. நம்ம காவிரியில் சுறா இல்லை. முதலையும் நீர்நாயும் தாராளமாக இருக்கின்றன.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு ஆய்வுகளை அப்படியே இங்கே ஒட்டுவதில் ஒரு கஷ்டம், தண்ணீரின் சூடு. 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 11 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்ஸிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். முட்டுக்காட்டுத் தண்ணீர் ஏப்ரல், மே மாதத்தில் எப்படிச் சுடும் என்று காலை நனைத்தவர்களுக்குத் தெரியும். சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது, கிடைப்பது குறைகிறது. நார்வேயில் பிழைத்துவிட்டது என்பதால் கோவளத்திலும் பிழைக்கும் என்று சொல்வதற்கில்லை.

முட்டுக்காட்டில் பையன்கள் தேடிப்போகிற மீன் கொடுவா. ஹோட்டல் மெனுவில் பெட்கி, பாராமுண்டி, ஸீ பாஸ் என்று பல பெயரில் வருகிறவர் இவர்தான். குஞ்சாகக் கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் வளரும். முட்டையிடக் கடல் பக்கம் இறங்கும். இன்னொரு விசேஷம், கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. அதனால் பெருத்த கொடுவா என்றாலே பெரும்பாலும் பெண். எந்த மீனோடு போட்டோ எடுத்துக்கொள்ள நமக்கு ஆசை? பெரியதோடுதான். ஆக, யாருடைய வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கிறதோ, அவளைத்தான் அதிக நேரம் இழுத்து, அதிக நேரம் தூக்கிப் பிடிக்கிறோம். அதுவும் எப்படி? வாயில் மாட்டிய பிடியோடு செங்குத்தாக. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த அத்தனை கனமும் தாடையிலும் குடலிலும் இறங்குகிறது.

மீனை எப்படிக் கையாள வேண்டும் என்று தெரிந்துகொள்ள நார்வே போகவேண்டாம். நம்ம சாந்தோம் ஹை ரோட்டிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1987-ல் தொடங்கியது. அவர்களுடைய முட்டுக்காடு நிலையத்தில் 1997-ல் கொடுவாவைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்தார்கள். தாய்மீனை வளர்த்து முட்டை எடுக்கிற தொழிலில் உள்ளவர்களுக்கு ஒரு பாடம் நன்றாகத் தெரியும். மிரண்டுபோன மீன் உயிரோடு இருக்கும், சாப்பிடக்கூடச் செய்யும், முட்டை மட்டும் விடாது. பயத்தின்போது சுரக்கிற கார்டிஸால் இனப்பெருக்க ஹார்மோன்களை அமுக்கிவிடுகிறது. அதனால் தாய்மீனைத் தொடவேண்டி வந்தால் மயக்கமருந்து, ஈரக்கை, அவசரமில்லாத நடமாட்டம், கூடியவரை தண்ணீருக்குள்ளேயே வேலை. கரையில் ராடோடு நிற்கிற பையனுக்கு மயக்கமருந்து வேண்டாம். மீதி மூன்றும் அவனால் முடியும்.

பெசன்ட் நகரில் ஆமை நடைக்குப் போனவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள். 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். அங்கே குஞ்சுகளை விடும்போது பார்த்திருப்பீர்கள், கையில் எடுத்துக்கொண்டுபோய் அலையில் போடுவதில்லை. மணலில் விட்டு, தானாக நடந்து போகட்டும் என்று தள்ளி நிற்கச் சொல்வார்கள். வேடிக்கை பார்க்க வந்த மாமாக்கள் டார்ச் அடித்தால் மாணவிகள் அதட்டுவார்கள். அதே கண்டிப்பு தூண்டில்காரர்களிடம் இன்னும் வரவில்லை என்பது என் குறை.

இப்போது காவிரி. இந்த உரைக்கு நான் ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான்.

மாசீர் என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழில் பூமீன் கெண்டை, ஆனைக் கெண்டை என்றெல்லாம் சொல்வதுண்டு. மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது மேல்நோக்கி ஏறி, கூழாங்கல் படுகைகளில் முட்டையிடும். காவிரியில் முதுகில் திமிலோடு ஒரு மாசீர் இருக்கிறது. ஐம்பது கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. 1946-ல் கபினி ஆற்றில் வான் இஞ்ஜென் என்பவர் பிடித்தது 120 பவுண்டு, நம் கணக்கில் 54 கிலோ. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-லேயே இந்தியத் தூண்டில் வேட்டையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதிலிருந்து வெள்ளைக்காரர்கள் இந்த மீனுக்காகவே கப்பல் ஏறி வந்திருக்கிறார்கள். இவ்வளவு பிரபலமான மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர் கிடையாது! அந்த வருஷம்தான் பிரிட்டிஷ், இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து, நம் நீலகிரிப் பக்கம் ஓடுகிற மோயாற்றில் கிடைத்த மீன்களை ஒப்பிட்டு, இது டோர் ரெமாதேவியை என்று உறுதி செய்தார்கள். அந்தப் பெயர் யாருடையது தெரியுமா? இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னைக் கிளையில் பணியாற்றிய மீனியல் விஞ்ஞானி டாக்டர் ரெமாதேவி அவர்களுடையது. அந்த ஆபீசும் சாந்தோம் ஹை ரோட்டில்தான் இருக்கிறது. நாம் பஸ்ஸில் எத்தனை தடவை கடந்து போயிருப்போம்! அதே வருஷம் இந்த மீன் உலகப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பு என்கிற வகையில் சேர்ந்தது.

கர்நாடகத்தில் பீமேஸ்வரி, தொட்டமாகளி, காலிபோரே என்று காவிரிக் கரையில் தூண்டில் முகாம்கள் இருந்தன. பிடிக்கலாம், எடைபோடலாம், கட்டாயம் திரும்ப விட வேண்டும். வழிகாட்டிகளாகவும் காவலாகவும் இருந்தவர்களில் பலர் முன்னே வெடி வைத்து மீன் பிடித்தவர்கள். சம்பளம் வந்ததும் வெடியை விட்டார்கள். காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் பிடித்து விடுவதும் வேட்டைதான் என்ற சட்டப் பொருளில் 2012-ல் இது நின்றது.

முகாம் மூடினாலும் காலிபோரேயின் பதிவு நோட்டுகள் மிஞ்சின. 1998-லிருந்து 2012 வரை 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மாசீர். நாலு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மீன் என்று வைத்துக்கொள்ளலாம். அதிகபட்சம் 46.8 கிலோ. இதை அலசியபோது ஒரு பயங்கரமான விஷயம் தெரிந்தது. நீலத் துடுப்பு மாசீர் என்ற வேறொரு இனம் வருஷா வருஷம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. அது காவிரியின் சொந்த மீன் அல்ல; லோனாவலா பண்ணையில் பொரித்த குஞ்சுகளை நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து விட்டது. திமில் மாசீரோ எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் மாட்டியவற்றின் எடை மட்டும் ஏறியது. அதாவது கிழங்கள் மட்டும் மிச்சம், குஞ்சே வரவில்லை. நம் அக்ரஹாரங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் பிடித்து விட்டதன் பங்கு என்ன? 2016-ல் ஒரு கனடியக் குழு இந்திய நண்பர்களோடு சேர்ந்து காவிரியில் நீலத் துடுப்பு மாசீரைப் பிடித்துச் சோதித்த ஆய்வு வெளியானது. வாலைப் பிடித்தால் திமிறுகிறதா, தலைகீழாகப் புரட்டினால் நிமிர்கிறதா, உடம்பைச் சாய்த்தாலும் கண்ணைச் சமமாக வைத்துக்கொள்கிறதா என்றெல்லாம் அனிச்சைச் செயல்களைப் பார்த்தார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் கரையில் நின்று யாரும் செய்துபார்க்கக்கூடிய பரிசோதனை. அந்த மாசீர் நல்ல தெம்பான மீன்தான் என்று தெரிந்தது. ஆனால் இழுபறி நீள நீள இந்த அனிச்சைகள் மங்குகின்றன. பெரிய மீனோடு இழுபறி நீளமாகத்தான் இருக்கும். திமில் மாசீரில் மிஞ்சியிருப்பதோ பெரிய மீன்கள்.

முகாம்களைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று ஒரு கட்சி இருக்கிறது. 2013-ல் பிண்டர், ராகவன் என்ற ஆய்வாளர்கள் 'கரண்ட் சயின்ஸ்' இதழில், இப்படிப்பட்ட தூண்டில் மாசீரைக் காக்க உதவுகிறது என்றே எழுதினார்கள். இன்னொரு கட்சி, உயிரை வாயில் கொக்கி போட்டு இழுத்து வேடிக்கை பார்ப்பது என்ன பாதுகாப்பு என்று கேட்கிறது. இரண்டு பேரிடமும் எனக்கு மரியாதை உண்டு. என் சொந்த அபிப்பிராயம், திமில் மாசீரைப் பொறுத்தவரை கொக்கி வேண்டாம். சில நூறோ சில ஆயிரமோ என்ற நிலையில் உள்ள இனத்தில் ஒரு பெண் மீன் ஒரு மழைக்காலம் மேலே ஏறாமல் கீழே இறங்கினாலும் அது நஷ்டம். ஆனால் தூண்டில்காரனைத் துரத்திவிட்டு ஆற்றை வெடிக்காரனிடம் ஒப்படைப்பதையும் நான் ஏற்க மாட்டேன். கொடுவா, நீலத் துடுப்பு மாதிரி மீன்கள் இருக்கிற இடத்தில், ஏற்றக்காலத்தை விட்டு மற்ற மாதங்களில் விதியோடு பிடிக்கட்டும். அந்தப் பணத்தில் காவல் வைக்கட்டும். நோட்டு எழுதட்டும். அந்த நோட்டு இல்லாவிட்டால் திமில் மாசீர் போய்க்கொண்டிருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது, பாருங்கள்.

தூண்டில் போடுகிற பிள்ளைகள் இங்கே நாலைந்து பேர் பின்வரிசையில் இருப்பதாகச் சொன்னார்கள். தம்பிகளா, உங்களுக்காக மட்டும் இது. எதிர்ப்பல் இல்லாத முள் வாங்குங்கள், அல்லது இருப்பதைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கழற்றப் பாதி நேரம்கூட ஆகாது. மெல்லிய நரம்பு போட்டு அரைமணி நேரம் விளையாட்டுக் காட்டுவது வீரம் இல்லை; கனமான நரம்பு போட்டுச் சீக்கிரம் கரைக்குக் கொண்டு வாருங்கள். முடிச்சுள்ள நைலான் கைவலை செதிலையும் வழவழப்பையும் உரித்துவிடும். ரப்பர் பூசிய வலை இப்போது கிடைக்கிறது. அந்த வழவழப்புதான் பூஞ்சை ஏறாமல் காக்கிற சட்டை, அதனால் கையை நனைக்காமல் தொடாதீர்கள், கொதிக்கிற மணலில் போடாதீர்கள். போட்டோவை மீன் தண்ணீரில் இருக்கும்போதே எடுங்கள். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குங்கள். உங்களுக்கு எப்போது முட்டுகிறதோ அதற்கு முன்பே இறக்கிவிடுங்கள். விடும்போது தலையை நீரோட்டத்தை எதிர்த்துப் பிடித்து, அதுவாகக் கையை உதறிக்கொண்டு போகும்வரை பொறுங்கள். முன்னும் பின்னும் இழுத்து ஆட்டக்கூடாது. பின்னால் இழுத்தால் தண்ணீர் செவுளில் தலைகீழாகப் போகும். பகல் பதினொன்றுக்கு மேல் ராடை மடக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள், அம்மாவும் சந்தோஷப்படுவாள்.

மீனை விடுவதற்கு முன் மெதுவாகச் சாய்த்து அதன் கண்ணைப் பாருங்கள். உடம்பு சாய்ந்தும் கண் மட்டம் மாறாமல் நின்றால் நல்லது. கண்ணும் கூடவே உருண்டால் இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். தேதி, இடம், நேரம், எத்தனை நிமிஷம் இழுத்தது, கண் எப்படி இருந்தது என்று ஐந்து விஷயம் ஒரு நோட்டில் எழுதுங்கள். நம் கல்லூரி விலங்கியல் துறையில் அதை வாங்கி வைத்துக்கொள்ளத் துறைத்தலைவர் சம்மதித்திருக்கிறார். அலமாரியில் இடமும் ஒதுக்கியாகிவிட்டது. முதல் நோட்டு யாருடையது என்று அடுத்த வருஷம் வந்து கேட்பேன்.